தினமும் 56 மைல், ரெண்டே சீட்டு: ஆபீஸ் போக ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் எடுத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது இங்கிலாந்துல ரெடிங் பக்கம் இருக்கிற ஒரு குடும்பத்தோட விஷயம். கார் எடுத்தவருக்கு வயசு 38, என்னை அண்ணான்னு கூப்பிடுவாரு, ஊர்ல இருந்த காலத்துலயே பழக்கம். மனைவி, ஏழு வயசுல ஒரு பொண்ணு. வீட்ல ஏற்கனவே ஒரு ஹேட்ச்பேக் இருக்கு, அது மனைவி வேலைக்கும் ஸ்கூலுக்கும் ஓடுது. 2024 ஆரம்பத்துல அவரோட வேலை அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் மாறிடுச்சு, காலைல 7 மணி ஷிஃப்ட், வாரம் நாலு நாள். எலிசபெத் லைன்ல ஹேய்ஸ் அண்ட் ஹார்லிங்டன் வரைக்கும் வந்து அங்கேருந்து பஸ் பிடிக்கலாம்தான், ஆனா 7 மணிக்கு உள்ள இருக்கணும்னா அது நடக்கிற காரியமில்ல. அதனால எம்4 மோட்டர்வே ஏறி, எம்25ல கொஞ்சம் போயி, எம்40ல இறங்குற ரூட்டு. போக வர 56 மைல், லீவெல்லாம் கழிச்சா வருஷத்துக்கு சுமாரா 10,300 மைல்.

ரெண்டாவது கார் வேணும்ங்கறது முடிவாயிடுச்சு. ஒரு சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக் எடுத்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். ஆனா அவருக்கு காலேஜ் நாள்லேருந்து ரெண்டு சீட்டு கார் மேல ஒரு ஆசை, "எப்படியும் நான் தனியாதானே போறேன், பின்னாடி மூணு காலி சீட்டை எதுக்கு தினமும் சுமக்கணும்ணா"னு கேட்டாரு. கேள்வி நியாயமானதுதான். மனைவி ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க, எல்லாம் சேர்த்து 6,500 பவுண்டுக்கு மேல போகக்கூடாது, முதல் வருஷ ரிப்பேரும் அதுக்குள்ளயே வரணும்.

என் பங்கு என்னன்னா, நான் மெக்கானிக் இல்ல, வீக்கெண்ட்ல சொந்தக் காரை நானே பிரிச்சு மாட்டுற ஆளு. கார் பார்க்கப் போன எல்லா இடத்துக்கும் கூட போனேன். கடைசியில எடுத்த முடிவுல எனக்கும் பாதிப் பங்கு இருக்கு, அதுல இருந்த தப்புலயும்.

தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வெட்டினது

முதல்ல யூலெஸ், அதாவது புகை அதிகம் விடுற காருக்கு லண்டனுக்குள்ள தினமும் கட்டணம் போடுற திட்டம். 2023 ஆகஸ்ட் 29லேருந்து லண்டனோட எல்லா பரோவுக்கும் (நகரப் பிரிவுக்கும்) அது வந்துடுச்சு, அக்ஸ்பிரிட்ஜும் உள்ளதான். பெட்ரோல் காரா இருந்தா யூரோ 4ங்கற புகைத் தரம் இருக்கணும், இல்லேன்னா ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. வருஷத்துக்கு 184 நாள் போறாருன்னா 2,300 பவுண்டு, பாதி காரோட விலை. 2006லேருந்து பதிவான பெட்ரோல் காருக்கு பொதுவா பிரச்சனை இல்ல, அதுக்கு முன்னாடி உள்ளதுல சிலது தேறும் சிலது தேறாது, நம்பர் பிளேட்டை லண்டன் போக்குவரத்தைப் பார்த்துக்கற டிஎஃப்எல் சைட்ல போட்டுப் பார்த்துடணும்.

அடுத்தது ரோடு டாக்ஸ், இங்கதான் ஒரு வேடிக்கை இருக்கு. 2001 மார்ச்லேருந்து 2017 மார்ச் வரைக்கும் பதிவான காருக்கு புகை அளவை வச்சு டாக்ஸ். கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு விடுற கார் 2006 மார்ச் 23க்கு முன்னாடி பதிவாயிருந்தா கே பேண்டுங்கற டாக்ஸ் பிரிவுலயே நின்னுடும், 2024-25ல அது 415 பவுண்டு. அதே கார் அந்தத் தேதிக்கு அப்புறம் பதிவாயிருந்தா 700 பவுண்டுக்கு மேல. அவரு ஆசைப்பட்டது போர்ஷேவோட பாக்ஸ்டர் எஸ். ஒரே மாதிரி ரெண்டு கார் விளம்பரத்துல இருந்துச்சு, ஒண்ணு 2006 பிப்ரவரி, இன்னொண்ணு அதே வருஷம் ஆகஸ்ட், பின்னது விலை கம்மி. ஏன் கம்மின்னு அவருக்குப் புரியல. டாக்ஸைப் பார்த்ததும் புரிஞ்சுது.

பார்த்துட்டு விட்ட கார்கள்

ஹோண்டா எஸ்2000 பட்ஜெட்லயே இல்ல, அதைப் பத்திப் பேசி சந்தோஷப்பட்டதோட சரி. 9,000 ஆர்பிஎம் போற இன்ஜினை வச்சுக்கிட்டு எம்25 ட்ராஃபிக்ல நிக்கறதுக்கு மனசு வராதுன்னு நானே சமாதானம் சொன்னேன்.

பாக்ஸ்டர் ஒண்ணைப் போய்ப் பார்த்தோம், ஓட்டவும் செஞ்சோம். மனுஷன் இறங்கும்போது முகத்துல இருந்த சிரிப்பை நான் பார்க்காத மாதிரி இருந்துட்டேன். அந்தக் காலத்து பாக்ஸ்டர் இன்ஜின்ல ஐஎம்எஸ் பேரிங்னு ஒண்ணு இருக்கு, எல்லாக் கார்லயும் போகாது, ஆனா போச்சுன்னா இன்ஜினையே கூட்டிக்கிட்டுப் போகும். ஜாலிக்கு வச்சிருக்கிறவன் அந்த ரிஸ்க்கை எடுக்கலாம், திங்கக்கிழமை 7 மணி ஷிஃப்ட் இருக்கிறவன், கையில ரிசர்வ் ஆயிரம் பவுண்டு மட்டும் வச்சிருக்கிறவன் எடுக்கக்கூடாது. விட்டோம்.

டொயோட்டா எம்ஆர்2, மூணாவது தலைமுறை. இலேசான கார், நடுவுல இன்ஜின், ஓட்ட அவ்வளவு நல்லா இருக்கும். ஆரம்ப வருஷத்துக் கார்கள்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள்ளயே இருக்கிற புகையைச் சுத்தம் பண்ற சின்ன கேட்டலிஸ்ட் உதிர்ந்து அந்தத் தூளு இன்ஜினுக்குள்ள திரும்பிப் போயிடும்ங்கறது தெரிஞ்ச விஷயம். அதை விட, டிக்கின்னு சொல்றதுக்கு ஒண்ணும் கிடையாது, சீட்டுக்குப் பின்னாடி ஒரு பொந்து. லேப்டாப் பை, சாப்பாட்டு டப்பா, மழைக்கோட்டு, வர்ற வழியில வாங்கற அரிசிப்பை, இதுக்கெல்லாம் எடம்? விட்டோம்.

பிஎம்டபிள்யூ இசட்4 முதல் தலைமுறை, 2.5 லிட்டர். உக்கார்றதுக்கு எல்லாத்துலயும் சொகுசு அதுதான். அந்தக் கார்ல கூரையை மடிக்கிற மோட்டாரை இடது பக்கம் மழைத்தண்ணி வடியற குழிக்குள்ளயே வச்சிருக்காங்க, வடிகால் அடைச்சா மோட்டார் முங்கி செத்துடும். நாங்க பார்த்த கார்ல பட்டனை அமுக்கினதும் முனகல் சத்தம் வந்துச்சு, பின்னாடி ஓரத்துல விரலை விட்டா மக்கிப்போன இலை. பராமரிக்காம விட்டிருக்காங்க, அவ்வளவுதான். ஆனா அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குக் கொண்டு வந்த முடிவு "துணிக் கூரை வேண்டாம்"ங்கறது. உண்மையில அந்தக் கார் சொல்லிக் கொடுத்தது "வடிகாலைப் பாரு"ங்கறது. இந்த வித்தியாசம் அப்போ உறைக்கல.

ரெண்டு எம்எக்ஸ்-5, ஒரு முடிவு

கடைசியில எல்லாரும் வந்து நிக்கிற எடத்துலதான் நாங்களும் நின்னோம், மாஸ்டா எம்எக்ஸ்-5, 2005லேருந்து 2015 வரைக்கும் வந்த மூணாவது தலைமுறை. அதுலயும் 2009ல பண்ண மாற்றத்துக்கு அப்புறம் வந்தது, அந்த 2 லிட்டர் இன்ஜின்ல ஃபோர்ஜ்டு கிராங்க், 7,500 ஆர்பிஎம் வரைக்கும் போகும். 160 குதிரை சக்தி, 150 லிட்டர் டிக்கி, பார்ட்ஸ் எங்க வேணாலும் கிடைக்கும்.

முதல் கார்: 2009, துணிக் கூரை, 96,000 மைல், 4,300 பவுண்டு. ஓனர் ஒரு நர்ஸ் அம்மா, ஆறு வருஷமா அதுலதான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாங்களாம். தெருவுல நின்னுச்சு கார். பானட்ல கல்லடி புள்ளிப்புள்ளியா, டிரைவர் சீட்டு ஓரம் தோல் தேஞ்சு நூல் தெரியுது, பம்பர்ல ஒரு கீறல். நாலு டயரும் ஒரே கம்பெனி, நல்ல கம்பெனி, புதுசு. பில்லெல்லாம் ஒரு பிஸ்கெட் டின்ல போட்டு வச்சிருந்தாங்க. பேசிக்கிட்டே வரும்போது அந்தம்மா ஒண்ணு சொன்னாங்க, வருஷா வருஷம் அக்டோபர்ல ஸ்க்ரீன் மாட்டுற ஸ்பிரிங் கம்பியை விட்டு கூரை வடிகாலைக் குத்தி விட்டுடுவேன், அது பண்ணா போதும் உள்ள சொட்டு தண்ணி வராதுன்னு. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். வெளிய வந்ததும் அவரு கேட்டாரு, "அப்போ இதுல தண்ணிப் பிரச்சனை இருக்குதானேண்ணா?" நான் ஆமாம்னு தலையாட்டினேன். நம்பர் பிளேட்டை போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சதோட அந்தக் கார் முடிஞ்சுது.

ரெண்டாவது கார்: 2010, இரும்புக் கூரை, ரோட்ஸ்டர் கூபேன்னு வித்தது. 61,000 மைல், கேட்டது 5,650. ஓனர் ரிட்டயர் ஆன ஒரு பெரியவர், காரேஜுக்குள்ள மேல துணி போத்தி வச்சிருந்தாரு. பெயிண்ட் கண்ணாடி மாதிரி. மேல ஒரு கொக்கியை விடுவிச்சு பட்டனை அமுக்கினா 12 செகண்டுல கூரை மடிஞ்சு உள்ள போயிடுது, டிக்கி எடத்துல ஒண்ணும் குறையல, எடை 37 கிலோதான் கூட. அன்னைக்கு நச நசன்னு தூறல். "பாருங்கண்ணா, மழையிலயே நிக்குது, உள்ள காஞ்சு கெடக்கு"ன்னாரு. கார் வெளிய வந்து இருபது நிமிஷம்தான் ஆச்சுங்கறதை ரெண்டு பேரும் கணக்குல எடுத்துக்கல.

செக் பண்ணாம இல்ல. கோல்டு ஸ்டார்ட் பார்த்தோம், ஆயில் அளவு பார்த்தோம், அடியில படுத்து, கதவுக்குக் கீழ ஓடுற சட்டம் (சில்), சப்ஃப்ரேம் ரெண்டையும் டார்ச் அடிச்சுப் பார்த்தோம், மேல்துரு மட்டும்தான். ஆக்சிடென்ட்ல ரைட்-ஆஃப் ஆன, அதாவது ரிப்பேருக்கு லாயக்கில்லன்னு இன்சூரன்ஸ் கழிச்ச காரான்னு காசு கட்டி செக் பண்ணோம், சுத்தம். அவரு உயரம் 5 அடி 10, இந்தத் தலைமுறைல ஸ்டீயரிங்கை மேல கீழதான் நகர்த்தலாம், முன்ன பின்ன இழுக்க முடியாது, அதனால சும்மா அரை மணி நேரம் உள்ளயே உக்கார வச்சேன். முட்டி இடிக்கல, முதுகு ஓகே. இது ஒண்ணை மட்டும் நாங்க உருப்படியா பண்ணோம்னு இன்னைக்கும் சொல்வேன்.

எம்ஓடிங்கற வருஷாந்திரத் தகுதி டெஸ்ட்டோட ஹிஸ்டரி அரசாங்க சைட்ல இலவசம், ஒவ்வொரு வருஷ டெஸ்ட்லயும் மீட்டர் எவ்வளவு, எதுல ஃபெயில், எதுக்கு எச்சரிக்கை எல்லாம் இருக்கும். இந்தக் காருக்கு ஒரு ஃபெயில் கூட கிடையாது. அதைப் பார்த்து சந்தோஷப்பட்டோம். ஆனா அதே பக்கத்துல இருந்த இன்னொரு விஷயம், கடைசி நாலு வருஷமா கார் வருஷத்துக்கு 1,500, 1,800ன்னுதான் ஓடியிருக்கு, ஒரு வருஷம் 900. அதை நாங்க "பொத்திப் பொத்தி வச்சிருக்காரு"ன்னு படிச்சோம். "வாரத்துக்கு ஒரு தடவை கூட ஓடாத காரை நாளையிலேருந்து தினமும் 56 மைல் ஓட்டப் போறோம்"னு யாரும் படிக்கல. முன் டயர்ல 3914ன்னு இருந்துச்சு, 2014ல 39வது வாரம் செஞ்சது, அப்போ அதுக்கு பத்து வயசு ஆகப்போகுது. தேயாம பட்டன் முழுசா இருந்துச்சு, பக்கவாட்டுல மட்டும் மெலிசா வெடிப்பு. கூலன்ட் டேங்க் பிளாஸ்டிக் வெள்ளையா இருக்கணும், பழைய மோர்க்குழம்பு கலர்ல இருந்துச்சு. இந்த ரெண்டையும் காட்டி 250 குறைச்சோம், 5,400க்கு ஜூன் முதல் வாரத்துல எடுத்தாச்சு. கையில மீதி 1,100.

என் கார் டிக்கியில அன்னைக்கு அஞ்சு லிட்டர் தண்ணி கேன் இருந்துச்சு, வடிகால்ல ஊத்திப் பார்க்கத்தான் கொண்டு போனேன். இரும்புக் கூரைதானேன்னு வெளியவே எடுக்கல.

ஜூன் முதல் அக்டோபர் வரைக்கும்

முதல் வாரமே நாலு டயரும் மாத்தியாச்சு, 360. பின்சக்கரம் தள்ளுற கார், பத்து வருஷ ரப்பரை வச்சுக்கிட்டு ஈர ரவுண்டபவுட்ல போகவே கூடாது. வீல் அலைன்மென்ட் 110, அதுலயும் ஒரு போல்ட் பல வருஷமா அசையாம துருப்பிடிச்சு ஒட்டியிருந்ததால ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா. ஆயில், பிளக், கியர்பாக்ஸ், டிஃப்ரென்ஷியல் ஆயில் எல்லாம் சேர்த்து 240. கூலன்ட் டேங்க் 70, நாங்களே மாட்டினோம், பழசை வெளிய எடுக்கும்போது ஓரம் விரல்லயே உடைஞ்சுது.

ஜூலை கடைசியில ஒரு நாள் சாயங்காலம் போன் பண்ணாரு, "அண்ணா பின்னாடி எதோ கருகற வாசனை வருது, ஒரு வீல் மட்டும் தொட முடியல." பின் பிரேக் காலிப்பர் சிக்கிக்கிச்சு. ஓடாம நின்ன கார்ல இது சகஜம், ஹேண்ட்பிரேக் போட்டு மாசக்கணக்கா நிக்கும், பிஸ்டன் துருப்பிடிக்கும். வாரம் ஒரு நாள் அஞ்சு மைல் ஓடும்போது அது வெளிய தெரியாது, ஒரே வாரத்துல 224 மைல் ஓடினா தெரிஞ்சிடும். ரெண்டு பக்கமும் காலிப்பர், பேட், டிஸ்க் மாத்த 310. ரிசர்வ் 1,100ல மீதி பத்து பவுண்டு. கார் வாங்கி எட்டு வாரம்.

இதைத் தவிர மத்ததெல்லாம் அவருக்குத் திருவிழாதான். விடிகாலை அஞ்சே முக்காலுக்கு கூரையைத் திறந்து எம்4ல போன கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கில்ல. இன்சூரன்ஸ்ல ஆபீஸ் போக வரங்கறதை சேர்த்துப் போட்டும் அவரு பயந்த அளவு ஏறல, நோ கிளெய்ம் போனஸ் இருந்தது உதவுச்சு. மைலேஜ் கேலனுக்கு 36. அவருக்குப் பிடிக்காதது ரெண்டுதான்: லாரி பக்கத்துல போகும்போது அதோட வீல் நட்டு நம்ம கண்ணு மட்டத்துல சுத்தறது, அப்புறம் ஷிஃப்ட் முடிஞ்சு அலுப்போட அவ்வளவு தாழ்வா குனிஞ்சு உள்ள போறது. ரெண்டாவதுக்கு ஒரு முறை கண்டுபிடிச்சுட்டாரு, முதல்ல உக்காந்துட்டு அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ள திருப்பறது, நம்மூர்ல பாட்டிங்க ஆட்டோல ஏறுற மாதிரி.

நவம்பர்

அவங்க வீட்ல காரேஜ் கிடையாது. வாசல்ல தெருவோரம்தான் பார்க்கிங், மேல ஒரு பெரிய ஓக் மரம். அக்டோபர் கடைசியில இலை கொட்ட ஆரம்பிச்சுது, தொடர்ந்து பத்து நாள் மழை.

முதல் அறிகுறி கண்ணாடி. காலைல உள்பக்கம் முழுக்க நீர்த்துளி, துடைச்சு ஏசி போட்டு தெளியறதுக்கே கால் மணி நேரம், 7 மணி ஷிஃப்ட்டுக்கு ரெண்டு தடவை லேட். குளிர்காலம்னா அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டு ஈரம் உறிஞ்சுற பை வாங்கி டேஷ்போர்டு மேல வச்சாரு. அடுத்து வாசனை, மழையில நனைஞ்ச நாய் மாதிரி. ஒரு சனிக்கிழமை பொண்ணை முன் சீட்ல பூஸ்டர் போட்டு நீச்சல் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போனாரு, இறங்கும்போது அது சொல்லுச்சு, "அப்பா, என் ஷூ நீச்சலுக்கு முன்னாடியே நனைஞ்சிடுச்சு."

மேட்டைத் தூக்கிப் பார்த்தா கார்ப்பெட் மேல கை வச்ச எடத்துல தண்ணி ஊறி மேல வருது. சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற சின்ன பெட்டியைத் திறந்தா அதுல ரெண்டு இஞ்ச். கார் மேனுவல் புஸ்தகம் அதுலதான் இருந்துச்சு, அப்பளம் மாதிரி உப்பி.

எனக்கு போன் வந்தப்போ அவரு கேட்ட முதல் கேள்வி கூரை ரப்பர் மாத்த எவ்வளவு ஆகும்ங்கறது. ஒரு கடையில விசாரிச்சு 600, 700ன்னு சொல்லிட்டாங்களாம், பார்க்காமலேயே. ஞாயித்துக்கிழமை வர்றேன், அது வரைக்கும் எதுக்கும் காசு கொடுக்காதீங்கன்னு சொன்னேன்.

பூவாளி டெஸ்ட்

அவங்க மனைவியை உள்ள டார்ச்சோட உக்கார வச்சோம். தோட்டத்துக்கு ஊத்துற பூவாளியை வச்சு முதல்ல முன் கண்ணாடி மேல, அப்புறம் கதவு ஓரம், அப்புறம் கூரை இணையுற கோடு, ஒவ்வொரு எடத்துக்கும் அஞ்சு நிமிஷம், அவசரப்படாம. "ஒண்ணும் வரலண்ணா"னு உள்ளேருந்து குரல். ரப்பர் நல்லாவே இருக்கு. கடைசியா கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, பின்னாடி சீட் பெல்ட் தூணுக்குப் பக்கத்துல மழைத்தண்ணி போய்ச் சேர்ற பள்ளத்துல ஊத்தினேன். ஊத்தின தண்ணி பின்சக்கரத்துக்கு முன்னாடி தரையில வடியணும். அவரு தரையில படுத்துக்கிட்டுப் பார்த்தாரு. வலது பக்கம் ஒழுகுச்சு, நூல் மாதிரி. இடது பக்கம் ஒரு சொட்டு இல்ல. பள்ளம் நிறைஞ்சு விளிம்பு வரைக்கும் வந்துச்சு, அடுத்த செகண்ட் உள்ளேருந்து சத்தம், "ஐயோ, நிறுத்துங்க நிறுத்துங்க, சீட்டுக்குப் பின்னாடி கொட்டுது!"

இரும்புக் கூரையோ துணிக் கூரையோ, மடியற கூரைன்னா அது சுத்தமா தண்ணியைத் தடுக்கறதில்ல, ஓரத்துல இறங்கற தண்ணியைப் பிடிச்சு குழாய் வழியா கீழ விடுது. குழாய் அடைச்சா அதே தண்ணி உள்ள திரும்பும், கொஞ்சம் கதவுக்குக் கீழ இருக்கிற சட்டத்துக்குள்ளயும் போய்த் தங்கும், துரு அங்கேருந்துதான் கிளம்பும்.

கம்ப்ரெசர் காத்து அடிக்கலாமான்னு கேட்டாரு. வேண்டாம்னேன், அழுத்தத்துல உள்ள குழாய் இணைப்பு கழண்டுடுச்சுன்னா வெளிய தெரியாது, அப்புறம் நிரந்தரமா உள்ளதான் ஒழுகும். பக்கத்துல இருக்கிற ஹார்டுவேர் கடைக்குப் போய் ஸ்க்ரீன் மாட்டுற, பிளாஸ்டிக் சுத்தின ஸ்பிரிங் கம்பி ரெண்டு மீட்டர் வாங்கிட்டு வந்தோம். அதைக் கையில வாங்கும்போது அவரு ஒரு நிமிஷம் அப்படியே நின்னாரு. "அந்த நர்ஸ் அம்மா சொன்னது இதைத்தானேண்ணா"ன்னாரு. நான் பதில் சொல்லல.

கம்பியை மெதுவா திருகித் திருகி விட்டா முக்கால் அடியில ஒரு தடை, இன்னும் கொஞ்சம் திருகினா "பொளக்"குன்னு இறங்குச்சு. கீழ விழுந்தது ஒரு கைப்பிடி கருப்புச் சகதி, ஊறின டீத்தூள் மாதிரி. அதுல இந்த வருஷ ஓக் இலை மேலாக இருந்துச்சு, அடியில இருந்தது பல வருஷத்து மண்ணும் பாசியும். அதாவது பெரியவர்கிட்ட இருக்கும்போதே முக்கால்வாசி அடைச்சிருந்த குழாய்தான். காரேஜுக்குள்ள தூங்குன காருக்கு அது தேவைப்படவே இல்ல. அவரு பொய் சொல்லல, உள்ள தண்ணி வந்ததே இல்லன்னு சொன்னது நூத்துக்கு நூறு உண்மை.

அடைப்பு எடுக்க இருபது நிமிஷம். காய வைக்க ஒன்பது நாள். கார்ப்பெட்டுக்கு அடியில மொத்தமா ஸ்பாஞ்ச் இருக்கு, அது தண்ணியைப் பிடிச்சா தானா காயாது. சீட்டுல ஏர்பேக் ஒயர் இருக்கிறதால முதல்ல பேட்டரியைக் கழட்டி வச்சுட்டுத்தான் சீட்டுல கை வச்சோம், ஒரு சீட்டுக்கு நாலு போல்ட். கார்ப்பெட்டை உருவி குளியல் தொட்டியில போட்டு மிதிச்சோம், வந்த தண்ணி கலரைப் பார்த்து அவங்க மனைவி எதுவும் சொல்லாம கதவைச் சாத்திட்டுப் போனாங்க. அந்த ஒன்பது நாளும் அவரு ஹேட்ச்பேக் எடுத்துட்டுப் போக, மனைவியும் பொண்ணும் பஸ்ல. மொத்தச் செலவு கம்பிக்கு 6 பவுண்டு.

ஒரு வருஷக் கணக்கு

2024 ஜூன்லேருந்து 2025 ஜூன் வரைக்கும் 10,480 மைல். பெட்ரோல் சுமார் 1,850. ரோடு டாக்ஸ் 400க்குள்ள. ஆரம்பத்துல சொன்ன டயர், ஆயில், பிரேக் எல்லாம் 1,090. குளிர்காலம் முழுக்க ரோட்ல உப்பு போடுவாங்க, இது வரைக்கும் காரேஜ்ல இருந்த அடிப்பாகம் அதை முதல் தடவையா பார்த்துச்சு, மே மாசம் தூக்கிப் பார்த்தப்போ மேல்துரு தடிச்சிருந்துச்சு. சுத்தம் பண்ணி மெழுகு அடிக்க 450. அதனால மனைவி போட்ட 6,500 கோட்டை 446 பவுண்டு தாண்டியாச்சு, அந்தக் கணக்கை அவங்க மறக்கல.

ரெண்டு சீட்டுங்கறது நாங்க பயந்த அளவு பிரச்சனை ஆகல. ஹேட்ச்பேக் சர்வீஸுக்குப் போன ரெண்டு நாள் மட்டும் திண்டாட்டம், மூணு பேர்ல ஒருத்தர் எப்பவும் வெளிய. ஊர்லேருந்து அவரோட அம்மா வந்து மூணு மாசம் இருந்தாங்க, ஒரே ஒரு தடவை அதுல உக்காந்தாங்க, இறங்கறதுக்கு நானும் அவரும் ஆளுக்கு ஒரு கை கொடுத்தோம். "எதுக்குடா தரையில உக்காந்துக்கிட்டு போற"ன்னு கேட்டாங்க.

காரை விக்கிற எண்ணம் அவருக்கு இல்ல. வடிகால் சுத்தமான பிறகு வந்த குளிர்காலத்துல ஒரு நாள் கூட கார் நிக்கல.

மறுபடியும் எடுக்கறதா இருந்தா

மாடல் தேர்வை நான் மாத்த மாட்டேன். அதுக்குள்ள எந்தக் காரை எடுக்கறதுங்கறதை மாத்துவேன். தினமும் ஓட்டறதுக்கு கார் தேடும்போது, தினமும் ஓடிக்கிட்டிருக்கிற காரைத்தான் முதல்ல பார்ப்பேன். கம்மி மைல், காரேஜ், போத்தின துணி, இதெல்லாம் அதே மாதிரி வச்சு ஓட்டப் போறவனுக்கு நல்லது. ரப்பரும் பிரேக்கும் பிளாஸ்டிக்கும் மைலால மட்டும் கெடறதில்ல, சும்மா நின்னாலும் கெடும், அந்தக் கெடுதல் எல்லாம் நம்ம கையில வந்த முதல் ஆறு மாசத்துல மொத்தமா வெளிய வரும்.

விக்கிறவர்கிட்ட கேட்காம விட்ட கேள்வி, கார் ராத்திரி எங்க நிக்கும்ங்கறது. கேட்டுட்டு, நம்ம வீட்டு வாசல்ல எங்க நிக்கப் போகுதுன்னு யோசிச்சிருந்தா ஓக் மரம் ஞாபகம் வந்திருக்கும். தண்ணி கேனை எடுத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல இடது பக்கம் தெரிஞ்சிருக்கும், விலையில இன்னும் 200 குறைச்சிருக்கலாம். ஓனர் தன் கார்ல என்ன வேலை பண்றேன்னு தானாவே சொன்னா அதைக் குறைன்னு எடுத்துக்கிட்டது எங்களோட பெரிய தப்பு, அந்தம்மா சொன்னது அந்தக் காரோட பிரச்சனையை இல்ல, அதைக் கவனிக்க ஆள் இருந்தாங்கங்கறதை.

போன மாசம் அவரு வீட்ல சாப்பிட்டுட்டு உக்காந்திருந்தப்போ போன்ல பழைய போட்டோவைத் தேடி அந்த 96,000 மைல் காரோட நம்பரை எடுத்தாரு, எம்ஓடி சைட்ல போட்டாரு. யாரோ வாங்கி ஓட்டிக்கிட்டிருக்காங்க. மீட்டர் 1,09,000. பாஸ். எச்சரிக்கை ஒண்ணே ஒண்ணு, வைப்பர் பிளேடு தேஞ்சிருக்காம். அவரு போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாரு, அப்புறம் கவுத்து வச்சுட்டு காபி போடப் போயிட்டாரு.